முப்பத்தெட்டு மைக்ரான்

தையல் மெஷினின் அடி இழுப்பறை இறுகிக் கிடந்தது. இம்கெ முழங்காலை மெஷினுக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள். இழுப்பறை கையோடு வந்துவிட்டது. நூல்கண்டும் பித்தானும் ஜிப்புமாகத் தரையில் கொட்டின. அவளுக்கு வேண்டியது ஒரு ஊசியும் கொஞ்சம் கறுப்பு நூலும்தான். அம்மாவின் அடக்கத்துக்கென்று ப்ரேமனிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பாவாடையின் விளிம்பு கார்க் கதவில் மாட்டிப் பிரிந்திருந்தது.

கொட்டியதில் ஒரு புகையிலை டப்பாவும் இருந்தது. அப்பா புகையிலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஊசி இருக்கும் என்று திறந்தாள். மடித்த செய்தித்தாள் துண்டு, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு ஸ்லைடு. விரல் நீளக் கண்ணாடி. நடுவில் மெழுகு வளையம், வளையத்துக்குள் ஒரு சொட்டு கிளிசரின், அந்தச் சொட்டுக்குள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு உருளைப்புழு இருக்கும்.

இந்த வீட்டில் ஸ்லைடு கிடைப்பது அதிசயமில்லை. அம்மா யான்னா முப்பத்தோரு வருடம் நோர்டர்ஸீல் ஆய்வகத்தில் அந்த வேலைதான் பார்த்தாள். ஆழ்கடலிலிருந்து கப்பல் கொண்டுவந்த சேற்றைச் சலிப்பாள். ஒரு கரண்டிச் சேற்றில் இருநூறு முந்நூறு புழு இருக்கும். கண்ணிமை மயிர் ஒட்டிய மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கிளிசரினில் கிடத்தி, மெழுகால் மூடி, லேபிள் ஒட்டுவாள். பட்டம் பதவி எதுவும் இல்லாத கூலிக்காரி. ஆனால் அவள் கைக்கு இணையான கை ஐரோப்பாவிலேயே இல்லை என்று பேராசிரியர் லூர்ஸ் குடித்த நாளிலும் குடிக்காத நாளிலும் சொல்லுவார்.

இந்த ஸ்லைடு குறுக்கே விரிசல் விட்டிருந்தது. லேபிள் சிவப்பு. அம்மாவின் முத்து முத்தான எழுத்து. நாலாயிரத்து இருநூறு மீட்டர், 1985, எண் 417, மூலம்.

இம்கெ கொட்டிக் கிடந்த பித்தான்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு புழுவைச் சாட்சியாக நிறுத்துவார்கள். அதுதான் மூலம். சிவப்பு லேபிள் அதற்கு மட்டும்தான். பிறகு எந்த நாட்டில் எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு ஸ்லைடைத் தபாலில் இரவல் வாங்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சேகரம் முழுவதும் இன்றைக்கு ப்ரேமனில் இம்கெயின் பொறுப்பில் இருக்கிறது. 417 என்ற எண்ணுக்கு நேரே பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். 'மூலம் அழிந்தது. இரவல் வாங்கியவர் உடைத்து, வேறு புழுவை மாற்றி வைத்திருக்கிறார்.'

இரவல் வாங்கியவன் ஓக்கோ. இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்க வரப்போகிறான்.

முதலில் தோன்றியது இதுதான்: உடைத்ததை அவன் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்திருப்பான், அம்மா இரக்கப்பட்டு மறைத்திருப்பாள். அந்த நினைப்பில் ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு பஞ்சைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தாள். கப்பல் பட்டறையில் நானூறு பேருக்கு வேலை போகிறது என்ற செய்தி. 1988 அக்டோபர். அந்த அக்டோபரில் ஓக்கோ பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

சமையலறை ஜன்னலோரம் அம்மாவின் மைக்ராஸ்கோப் இருந்தது. ஆய்வகம் கழித்துப் போட்டதை அப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது. இம்கெ உறையை எடுத்தாள். அப்பா மென்னோ மேசையின் மறுபக்கம் தாள் விரித்து, தன் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஸ்லைடைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். ஷூவின் மேல் பிரஷ் போகிற வேகம் மட்டும் குறைந்தது.

வெளிச்சத்தைத் திருப்பி, பார்வையைக் கூட்டினாள். விரிசல் புழுவின் நடுவில் போயிருந்தது. தலைப்பாதி காற்றுப் பட்டு வெந்த நூடுல்ஸ் போலச் சுருண்டு காய்ந்திருந்தது. வால்பாதி இன்னும் கிளிசரினுக்குள் தெளிவாகக் கிடந்தது. ஆண் புழு. ஆணின் வாலடியில் இணை சேருவதற்கு இரண்டு வளைந்த முட்கள் இருக்கும், அரிவாள் மாதிரி. மனிதனுக்கு ரேகை எப்படியோ அப்படி இந்த முட்கள். இனத்துக்கு இனம் நீளம் மாறும், வளைவு மாறும்.

அளவுகோலைப் பொருத்தி எண்ணினாள். நம்பிக்கையில்லாமல் திருப்பி எண்ணினாள். முப்பத்தெட்டு மைக்ரான். இந்த இனத்துக்குப் பெயர் வைத்த லூர்ஸின் புத்தகத்தில் இருக்கிற எண். அந்தப் புத்தகத்தில் அம்மா வரைந்த படம் இந்தப் புழுதான், வளைவுக்கு வளைவு.

"அப்பா."

"ம்."

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாவாடைய முதல்ல தைய்யி. ஆளுங்க வந்துருவாங்க."

"தெரியுமா தெரியாதா?"

மென்னோ ஷூவைக் கீழே வைத்தார். பட்டறையில் வருடக்கணக்கில் வெல்டிங் நெருப்பைப் பார்த்துச் சிவந்துபோன கண். அழுதாரா இல்லையா என்று அந்தக் கண்ணை வைத்து மட்டும் யாரும் சொல்ல முடியாது.

"தெரியும்."

"எப்பலருந்து?"

"உடஞ்ச அன்னைக்கே. ஆய்வகத்துல ஸ்லைடு பீரோவ மாத்துனாங்க, பெட்டி பெட்டியா இவதான் தூக்குனா. ஒண்ணு நழுவிருச்சு. அவ்ளோதான். வீட்டுக்கு வந்து இதே நாற்காலில உக்காந்தா. மூணு நாள் சோறு இறங்கல."

"லூர்ஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே? உடையறது நடக்கறதுதானே? உடஞ்சதுன்னு எழுதி வச்சா அதுக்கும் ஒரு வழி இருக்கு. அதே சேத்துலருந்து இன்னொண்ண முறையாத் தேர்ந்தெடுப்பாங்க."

"நீ இன்னைக்குச் சொல்ற. அந்த மாசந்தான் பட்டறைல எங்கள மொத்தமா வெளிய தள்ளினாங்க. இவ வேலையும் வருசா வருசம் காகிதம் புதுப்பிக்கிற வேலை. மூலத்த ஒடச்சவள எவன் வச்சிருப்பான்? உனக்கு அப்ப பதினெட்டு. படிக்கப் போணும்னு நின்ன."

"அதனால வேற புழுவ வச்சு மூடிட்டாங்க."

"வேற புழு இல்லடி. அதே சேறு, அதே கரண்டி. அண்ணன் தம்பி மாதிரின்னா. மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒண்ணுபோலதான் இருந்துச்சாம். ஒரு வித்தியாசமும் வராதுன்னா."

இம்கெக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ஒரே கரண்டிச் சேற்றில் ஒரே ஜாதிதான் இருக்கும் என்று முதல் வருட மாணவன் நினைப்பான். வருடக்கணக்கில் அந்தச் சேற்றிலேயே கிடந்தவள் அவசரத்தில் நினைத்திருக்கிறாள். முள்ளை அளக்கக்கூட இல்லை. அளக்கப் பயந்திருப்பாள்.

பதினான்கு வருடத்துக்கு முன் ஓக்கோ அளந்தான். அவன் அப்போது கீல் நகரத்தில் வேலை. அடுத்த வசந்தத்தில் இம்கெக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று பேசியிருந்தது. 417ஐத் தபாலில் வாங்கி அளந்துவிட்டு, முள் முப்பத்தொன்றுதான் இருக்கிறது, வளைவும் வேறு, இது புத்தகத்தில் உள்ள புழு இல்லை, இது இன்னொரு புது இனம் என்று எழுதினான். விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. ஸ்லைடு கடைசியாக யார் கையில் இருந்தது? ஓக்கோ கையில். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எப்போதும் போடும் நீல மேலங்கியோடு போய் நின்று ஒரே வரிதான் சொன்னாள்: "அனுப்பும்போது சரியாத்தான் இருந்துச்சு."

பிறகு இம்கெயைக் கேட்டார்கள். அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம் முழுக்க இந்தப் புழுவும் இதன் சொந்தக்காரர்களும்தான். "மூணு வருஷம் முன்னாடி நானே அளந்தேன். முப்பத்தெட்டு" என்றாள்.

அவள் அளக்கவில்லை. ஆய்வேடு எழுதும் நாட்களில் அம்மா ஒரு துண்டுத்தாளில் எண்களை எழுதிக் கொடுத்தாள். "மூலத்தச் சும்மா சும்மா வெளிச்சத்துல வைக்காத. நான் அளந்துட்டேன்" என்றாள். இம்கெ அதை அப்படியே எழுதி, 'நேரில் பார்த்தது' என்று போட்டுக்கொண்டாள். அம்மாவின் கண் தன் கண்ணைவிட நல்ல கண் என்று அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தத் துண்டுத்தாளை அம்மா எதைப் பார்த்து எழுதினாள் என்று இப்போது புரிந்தது. ஸ்லைடை அவள் தொடவே இல்லை. அச்சிலிருந்த லூர்ஸின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

அந்த இரண்டு வாக்குமூலத்தில் ஓக்கோ முடிந்தான். அந்தத் தொழிலில் எதையும் மன்னிப்பார்கள். மூலத்தில் கை வைத்தவனை மன்னிப்பதில்லை. எந்தச் சேகரமும் அவனுக்கு ஸ்லைடு இரவல் தரவில்லை. ஸ்லைடு கிடைக்காதவன் புழுவுக்கு என்ன பெயர் வைப்பது? ஒரு வருடம் அலைந்துவிட்டு அவன் சொந்த ஊரான நோர்டர்ஸீலுக்கே வந்து, அவன் அப்பாவின் இறால் படகை எடுத்துக்கொண்டான்.

"என்னய ஏம்ப்பா சாட்சி சொல்ல விட்டாங்க?" என்றாள் இம்கெ. "அவங்க பொய் சொன்னது வேற. நான் அவங்க காகிதத்த நம்பி நாக்குல சத்தியம் பண்ணேன். பக்கத்து அறைல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தாங்க?"

"நீ அளந்தேன்னுல்ல சொன்ன?" மென்னோ மறுபடி ஷூவை எடுத்தார். "அவ அளந்து குடுத்தான்னு சொல்லியிருந்தா அவ மாட்டியிருப்பா. நீ அளந்தேன்னுட்ட. அதுக்கப்புறம் அவ வாயத் தொறந்தா நீதான மாட்டுவ? படிப்பு, பட்டம், எல்லாம். நாங்க என்ன பண்றது? ஊரான் புள்ளைக்காக எம்புள்ளையத் தள்ளிவிடறதா?"

"ஊரான் புள்ளையா? நான் கட்டிக்க இருந்தவன்."

"கட்டிக்க இருந்தவன நீ நம்பல. எங்களக் கேக்கற."

இம்கெ பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்கதவு திறந்தது. எதிர்வீட்டு மேட்டா, எழுபத்தைந்து வயது, இரண்டு தட்டு வெண்ணெய் கேக்கை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இடுப்பால் கதவைத் தள்ளினாள்.

"என்னடி இது, சாவு வீட்ல மைக்ராஸ்கோப்பத் தொறந்து வச்சிருக்க? ஆத்தாளும் மகளும் ஒரே வார்ப்பு. நகரு, தட்டு வைக்கணும். மென்னோ, உன் கழுத்துப்பட்டை ஏன் தூக்குக்கயிறு மாதிரி தொங்குது? கட்டிவிடறதுக்கு அவளா வரப்போறா? இங்க வா."

மேட்டா அப்பாவின் கழுத்துப்பட்டையைக் கட்டினாள். இம்கெ ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, டப்பாவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாவாடையின் விளிம்பைத் தைக்கவில்லை. மேட்டா குனிந்து இரண்டு குண்டூசி குத்திவிட்டாள்.

பத்து மணிக்கு ஆறு பேரும் வந்தார்கள். இந்தத் தெருவில் சாவு விழுந்தால் இரண்டு பக்கமும் மும்மூன்று வீட்டுக்காரர்கள்தான் பெட்டி தூக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவனும் தூக்குவான். வழக்கு நடக்கிற இரண்டு பேர் ஒரே பெட்டியின் இரண்டு பக்கம் நின்றதை இம்கெ பார்த்திருக்கிறாள். ஓக்கோ கடைசியாக உள்ளே வந்தான். கோட்டு தோளில் இறுக்கமாக இருந்தது. விரல்கள் வெந்நீரில் இறால் அவித்து அவித்துச் சிவந்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தன. ஒரு காலத்தில் அந்த விரல்கள் இமைமயிர்க் குச்சி பிடித்தவை.

மென்னோ ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் சாராயம் ஊற்றிக்கொண்டே வந்தார். ஓக்கோவின் கிளாஸில் ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது.

"பாத்து, பெருசு," என்றான் ஓக்கோ. "பட்டறைல இப்படிச் சிந்தினா கப்பல் முழுகிரும்."

மற்றவர்கள் மெல்லச் சிரித்தார்கள். மென்னோவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் இம்கெ முன்கதவுக்குப் போய் நின்றுகொண்டாள். பின்னாலேயே மேட்டா வந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லணும்டி," என்றாள் தாழ்ந்த குரலில். ஸ்லைடைப் பார்த்துவிட்டாளோ என்று இம்கெ திரும்பினாள். "எட்டு மாசமா வாரத்துக்கு ரெண்டு வாட்டி உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிட்டுப் போனான். புத்துநோய்க்குக் கரண்டு வைக்கிற வைத்தியத்துக்கு. கடல் ஏத்தத்துக்குப் படகு எடுக்காம விட்டுட்டுப் போவான். வர்ற வழில அவ வாந்தி எடுத்தா அவன்தான் கழுவுவான். நன்றின்னாவது சொல்லு."

"எனக்கு யாரும் சொல்லலயே. டாக்ஸில போறதா அம்மா போன்ல சொன்னாங்களே."

"டாக்ஸியா?" மேட்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரு டாக்ஸில இறால் நாத்தம் அடிக்கும்?"

கல்லறைத் தோட்டத்துத் தேவாலயத்திலிருந்து குழி வரைக்கும் நூற்றைம்பது அடி. பாதிரியார் முன்னால் போனார். பெட்டிக்குப் பின்னால் இம்கெயும் அப்பாவும். இடது பக்கம் பின்னால் இருந்தவன் ஓக்கோ. அவன் தோளும் அவன் பிடரியும் அவளுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தன. சரளைக்கல் பாதையில் ஒரு மேடு வந்தபோது முன்னால் இருந்தவன் தடுமாறினான். பாரம் முழுக்கப் பின்னால் சரிந்தது. ஓக்கோ ஒரு காலைப் பின்வைத்து, தோளைக் கொடுத்து நிறுத்தினான். "மெதுவா, மெதுவா. அவங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான்.

இம்கெயின் கை பைக்குள் டப்பாவை இறுக்கிக்கொண்டிருந்தது. அம்மா முகம் மனதுக்கு வரவில்லை. அந்த நீல மேலங்கிதான் வந்தது. சின்ன வயதில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்ததற்கு 'பூனை தள்ளிருச்சு' என்று சொன்ன இம்கெயை, அந்த மேலங்கிக்காரி ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். "கண்ணாடிக்கு அடில நான் பொய் சொன்னதில்ல. என் வீட்லயும் சொல்லக்கூடாது" என்றாள். அதைச் சொன்னபோது 417 உடைந்திருக்கவில்லை என்பது உண்மைதான். உடைந்த பிறகும் அதையே விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மைதான்.

ஆளுக்கு மூன்று கை மண் போட்டார்கள். மென்னோ மூன்றுக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தார். மேட்டாதான் கையைப் பிடித்து விலக்கினாள். இம்கெயின் முறை வந்தபோது டப்பாவையும் சேர்த்துக் குழிக்குள் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டுவிடு என்று அவர் கண் கெஞ்சியது. இம்கெ மண்ணை மட்டும் போட்டாள்.

வீட்டில் டீ. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் ஊற்றினார்கள். இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, கேக் தின்று, முதல் கோப்பைக்கு அடக்கமாகவும் இரண்டாம் கோப்பைக்குச் சத்தமாகவும் பேசினார்கள்.

"முப்பது வருசம் யான்னா புழுவப் பாத்தா," என்றாள் மேட்டா. "இனிமே புழுவுங்க அவளப் பாக்கட்டும். அதுவும் ஒரு கணக்குத்தான்."

முதலில் சிரித்தது மென்னோ. சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பாதிரியார் கேக்கைப் பார்த்தார்.

"நல்ல கைக்காரி," என்றான் தூக்கியவர்களில் ஒருத்தன். "எங்க பொண்ணுக்குக் கைல ஏறின சிலாம்ப கண்ணாடி போட்டுப் பாத்து இமைமயிர்ல எடுத்தா. வலிக்கவே இல்லன்னா அவ. ஓக்கோ, நீ அவகிட்டதான தொழில் படிச்ச?"

அறையில் கரண்டிகள் நின்றன. கேட்டவன் வெளியூர்க்காரன், தெருவுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

"ஆமா," என்றான் ஓக்கோ. "அவங்ககிட்டதான்." எழுந்தான். "மூணரைக்கு ஏத்தம். கிளம்பறேன்." மென்னோவிடம் கை கொடுத்தான். இம்கெயைப் பார்த்துத் தலையசைத்தான். அவ்வளவுதான் பதினான்கு வருடமாக அவர்களுக்குள் இருந்த பேச்சு.

இம்கெ எழுந்தாள். அப்பாவின் கை மேசைக்கடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "மண்ணு காயட்டும்டி," என்று அவர் உதடு அசைந்தது. அவள் கையை உருவிக்கொண்டு வெளியே போனாள்.

அணைக்கரை மேலே அவனைப் பிடித்தாள். காற்று பாவாடையை அடித்து, மேட்டா குத்திய குண்டூசி காலில் கீறியது.

"ஓக்கோ. நில்லு."

நின்றான்.

அவள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். காற்றுக்குப் பஞ்சு பறந்து போயிற்று. அவன் ஸ்லைடைக் கையில் வாங்கவில்லை. குனிந்து லேபிளைப் படித்தான். சிவப்பு. நான்கு ஒன்று ஏழு. விரிசலைப் பார்த்தான். வெளிச்சத்துக்கு முகத்தைச் சாய்த்து, விளிம்பைப் பார்த்தான். பழைய பழக்கம்.

"எண்பத்தெட்டுலயே உடஞ்சிருக்கு," என்றாள். "அம்மா மாத்திட்டாங்க. இன்னைக்குக் காலைலதான் எனக்குத் தெரியும். நீ சொன்னது சரி. நீ உடைக்கல."

ஓக்கோ நிமிர்ந்தான்.

"நான் உடைக்கலன்னு எனக்குத் தெரியாதா? அத எங்கிட்டயே சொல்ற?"

இம்கெ டப்பாவின் மூடியைச் சாத்தினாள்.

"மத்தவங்ககிட்ட சொல்லு," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிடிபட்ட மீனின் எடை சொல்கிற குரல். "முள்ளு எவ்ளோ இருக்கு?"

"முப்பத்தெட்டு."

"அப்ப பீரோல இருக்கிறது நெசமாவே வேற சாதி." கடல் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் அவன் அதைத்தான் யோசித்தான் என்று தோன்றியது. "இவ்ளோ நாளா பேரு இல்லாமயே கிடக்குது."

"அம்மா உங்கிட்ட சொல்லவே இல்லயா? எட்டு மாசம் வண்டில..."

"ரெண்டு தடவ வாயத் தொறந்தாங்க. ஏதோ சொல்ல வர்றாங்கன்னு ரேடியோவ நிறுத்தினேன். ரெண்டு தடவையும் 'மழை வரும்போல'ன்னாங்க." அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "ரெண்டு நாளும் நல்ல வெயிலு."

கீழே படகில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவன் ஆள் அதைச் சூடேற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணப் போற?" என்றான். "எழுதினா நீ அளந்ததாச் சொன்னதும் வெளிய வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான். "அன்னைக்கு உங்கம்மா சொன்னதுகூட எனக்குப் பெருசில்ல. கூலிக்காரி, வேலை போயிரும்னு பயந்திருப்பாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். நீ 'நானே அளந்தேன்'னு சொன்னப்ப என்னைப் பாத்துச் சொன்ன. கண்ணப் பாத்து."

அவன் படியிறங்கிப் போனான். படகு மதகைத் தாண்டும் வரைக்கும் இம்கெ அங்கேயே நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வலையை இறக்குகிற வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். மேட்டா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். சமையலறை மேசையில் இரண்டு கோப்பை மட்டும் இருந்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். மென்னோ மைக்ராஸ்கோப்பின் மேல் உறையைப் போட்டு, கயிற்றையும் கட்டியிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"அவனுக்கு நான் சொல்லி என்ன ஆகணும்? அவனுக்குத் தெரிஞ்சதுதான்." இம்கெ கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "நாளைக்கு எழுதப் போறேன். குழுவுக்கும், பத்திரிகைக்கும். நான் அளக்கலன்னும் எழுதுவேன்."

"வேலை?"

"போகும்."

"உங்கம்மா பேரு?"

சேறு கொண்டுவந்த கப்பலின் பெயரைச் சூட்டிய அந்தப் புழுவில் அம்மாவின் பேர் எங்கேயும் இல்லை. பெயர் வைத்தவராக லூர்ஸின் பேர்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இருந்ததெல்லாம் கையைப் பற்றி நாலு பேர் சொல்கிற பேச்சு. நாளை மறுநாள் அதுவும் இருக்காது.

"நீங்க ஒரு வரி எழுதித் தரணும் அப்பா. உடஞ்ச அன்னைக்கு அவங்க உங்ககிட்ட சொன்னத. கேட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான். வெறும் ஸ்லைட மட்டும் நீட்டினா, ஓக்கோவ காப்பாத்த நானே ஜோடிச்சேன்னும் சொல்லுவாங்க."

மென்னோ அடுப்பிலிருந்து கெண்டியை எடுத்துவந்தார். அவள் கோப்பையில் கற்கண்டைப் போட்டு டீயை ஊற்றினார். கற்கண்டு வெடிக்கிற சத்தம் கேட்டது. பாலேட்டை விளிம்போடு ஒரு சொட்டு விட்டார். எல்லாம் நிதானமாக, அம்மா செய்கிற வரிசையில்.

"மாட்டேன்," என்றார். "நாப்பத்தெட்டு வருசம் அவகூட இருந்திருக்கேன். அவளுக்கு எதிரா என் கை எழுதாது. நீ எழுதறத நான் தடுக்கல. எங்கிட்ட கேக்காத."

"அந்த மனுசன் அவங்க வாந்திய கழுவியிருக்கான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இன்னைக்கு அவனுக்குச் சாராயம் ஊத்துனீங்க."

அவர் எதிரே உட்கார்ந்து தன் கோப்பையை எடுத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள். மேசைத் துணியில் யாரோ சிந்திய டீக் கறை உலர்ந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் தேய்த்தார். போகவில்லை.

இந்த ஊரில் மூன்று கோப்பை குடிக்காமல் யாரும் எழுவதில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் போடும் வரைக்கும் வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருப்பார். முதல் கோப்பையிலேயே கரண்டியைப் போடுகிறவர்கள் வரி வசூலிக்க வந்தவர்களும் சண்டை போட வந்தவர்களும்தான். பெற்ற பிள்ளை போட்டு யாரும் கண்டதில்லை.

மென்னோ எழுந்து இரண்டாவது கோப்பைக்குக் கெண்டியைச் சாய்த்தார்.

இம்கெ தட்டில் இருந்த கரண்டியை எடுத்து, சத்தம் வராமல், காலிக் கோப்பைக்குள் வைத்தாள்.

அவர் சாய்த்த கெண்டியை நிமிர்த்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.